தாய்லாந்தில் காண்டோ வாங்கப் போகிறீர்களா? பணத்தை அந்நாட்டு நாணயமான பாட் ஆக்கி அனுப்பாதீர்கள்

ஏஜென்ட் பேச்சை நம்பாதே, நேரில் பார்க்காமல் முன்பணம் தராதே என்பதையெல்லாம் எல்லோரும் சொல்லிவிடுவார்கள். பாங்காக், பட்டாயா, புக்கெட் பக்கம் காண்டோ, அதாவது அடுக்குமாடி வீடு வாங்க வரும் புதியவர்கள் சறுக்குவது வேறு இடங்களில். அதிலும் முதல் தவறை எத்தனை பேர் செய்தாலும் எரிச்சல் அடங்குவதில்லை, ஏனென்றால் ஐந்து நிமிடம் விசாரித்திருந்தால் போதும்.

பணத்தை ஊரிலேயே பாட் ஆக்குவது

வெளிநாட்டவர் தன் பெயரிலேயே காண்டோ வாங்க 1979-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. சுற்றுலா விசாவில் வருபவருக்கு அது வைக்கும் நிபந்தனை, விலைப்பணம் அந்நியச் செலாவணியாக நாட்டுக்குள் வந்திருக்க வேண்டும் என்பது. டாலர் போன்ற வெளிநாட்டுப் பணமாக வர வேண்டும், தாய்லாந்து வங்கியில்தான் பாட்டாக மாற வேண்டும். மாற்றிய வங்கி தரும் சான்றுதான் எஃப்.இ.டி. (அந்நியச் செலாவணிப் பரிவர்த்தனை) படிவம். பழைய ஆட்கள் 'தோர் தோர் 3' என்பார்கள். ஒரே தவணையில் 50,000 டாலருக்குக் குறைவாக வந்தால் படிவத்துக்குப் பதில் வங்கிக் கடிதம். இந்தக் காகிதம் இல்லாமல் நில அலுவலகத்தில் பெயர் மாறாது.

நடப்பது என்ன? "இங்கேயே பாட் வாங்கினால் ரேட் நல்லா இருக்கு" என்று ஒருவர் சொல்வார். அல்லது மலிவான ஆப் ஒன்றில் அனுப்புவார்கள். அது தாய்லாந்தின் உள்ளூர்க் கணக்கிலிருந்து பாட்டாக வந்து விழும். வங்கிக்கு அது உள்நாட்டு வரவு. படிவம் கேட்டால் கையை விரித்துவிடும். பதிவுக்கு நாலு நாள் இருக்கும்போது இது தெரியவரும். பிறகு பணத்தைத் திருப்பி அனுப்பி, மறுபடி டாலராகக் கொண்டுவர வேண்டும். இரண்டு முறை மாற்று நஷ்டம். கெடு தாண்டினால் முன்பணமும் போகலாம்.

டாலராக அனுப்பியவர்களும் தப்புவதில்லை. படிவங்களின் கூட்டுத்தொகை பத்திர விலையைத் தொட வேண்டும். புக்கிங்கின்போது கையில் கொடுத்த ரொக்க பாட் அதில் சேராது. இடைவங்கிகள் வழியில் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். எனவே வங்கிக் கட்டணம் முழுவதும் அனுப்புபவர் தலையில் என்று குறிப்பிடுங்கள், விலையைவிடச் சற்றுக் கூடுதலாகவே அனுப்புங்கள். நோக்கம் என்ற இடத்தில் காண்டோ வாங்குவதற்கு என்று எழுதி, கட்டடத்தின் பெயர், யூனிட் எண் இரண்டையும் சேருங்கள்.

பெயர் விஷயம் நம்மவர்களுக்குத் தனித் தலைவலி. வங்கிக் கணக்கில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயர். படிவத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்கட்டும். கணவன், மனைவி இருவர் பெயரிலும் வாங்கினால் இருவர் பெயரும் படிவங்களில் வர வேண்டும்.

இந்தியாவிலிருந்து அனுப்பினால் எல்.ஆர்.எஸ். (தனிநபர் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் ரிசர்வ் வங்கித் திட்டம்) வரம்பு ஒருவருக்கு நிதியாண்டுக்கு 2,50,000 டாலர். 10 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட தொகைக்கு 20 சதவீத டி.சி.எஸ். (முன்கூட்டியே வசூலிக்கும் வருமான வரி) பிடிப்பார்கள். ரிட்டர்னில் திரும்பக் கேட்கலாம், ஆனால் அதுவரை அந்தப் பணம் கையில் இருக்காது.

படிவத்தின் அசலை விற்கும் காலம்வரை பத்திரப்படுத்துங்கள். விற்ற பணத்தை வெளியே கொண்டுபோகும்போது வங்கி அதைத்தான் கேட்கும்.

49 சதவீதத்தைத் தப்பாகப் புரிந்துகொள்வது

வெளிநாட்டவர் ஒதுக்கீடு என்பது வீடுகளின் எண்ணிக்கையில் அல்ல, அந்தக் காண்டோவின் எல்லா யூனிட்டுகளின் மொத்தப் பரப்பில் 49 சதவீதம். அது நிரம்பிய கட்டடத்தில் 30 ஆண்டுக் குத்தகையைக் 'கிட்டத்தட்ட சொந்தம்' என்று விற்பார்கள். பதிவாகும் குத்தகைக்கு உச்சம் 30 ஆண்டுதான். '30+30+30' என்பதில் பின்னிரண்டும் வெறும் வாய்ச்சொல் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். முன்பணத்துக்கு முன்பே நிர்வாக அலுவலகத்திடம் ஒதுக்கீட்டுக் கடிதம் கேளுங்கள். உள்ளூர் ஆள் பெயரில் கம்பெனி தொடங்கி வாங்கச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அது சட்டவிரோதம்.

பாக்கி இல்லாச் சான்று

பராமரிப்புக் கட்டண பாக்கி இல்லை என்ற கடிதத்தை விற்பவர் தராமல் பதிவு நடக்காது.

பதிவுச் செலவைப் பேசாமல் விடுவது

மாற்றுக் கட்டணம் அரசு மதிப்பில் 2 சதவீதம், பெரும்பாலும் பாதிப் பாதி. விற்பவர் வாங்கி ஐந்து ஆண்டு ஆகவில்லை என்றால் பொதுவாக 3.3 சதவீதத் தொழில் வரி, இல்லாவிட்டால் 0.5 சதவீத முத்திரை வரி. யார் எதைக் கட்டுவது என்று ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால் நில அலுவலகக் கவுன்டரில் சண்டைதான். மாற்றுக் கட்டணம் 0.01 சதவீதம்தான் என்று யாராவது சலுகை காட்டினால், அது தாய்லாந்துக் குடிமக்களுக்கு.

தினவாடகைக் கணக்கு

30 நாளுக்குக் குறைவாக வாடகைக்கு விட 2004-ஆம் ஆண்டு ஹோட்டல் சட்டப்படி உரிமம் வேண்டும். உங்கள் ஒரு யூனிட்டுக்கு அது கிடைக்காது.

விசா

காண்டோ வாங்கினால் மட்டும் கிடைத்துவிடாது.

வருமான வரி ரிட்டர்ன்

இந்தியாவில் குடியிருப்பவர் ஷெட்யூல் எஃப்.ஏ.வில் (ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்துகளுக்கான பகுதி) இந்த வீட்டைக் காட்ட வேண்டும், வாடகை வராவிட்டாலும்.