பின்யின் அசைகளைக் கூட்டிப் படிக்கப் பழக்குதல்

சீனக் குழந்தைகள் ஆறு வயதையொட்டி முதல் வகுப்பில் சேரும்போதே பேச்சுமொழியை நன்கு அறிந்திருப்பார்கள்; சீன எழுத்துகளின் ஒலிப்பைக் காட்டுவதற்காக 1958-இல் ஏற்கப்பட்ட பின்யின் என்னும் இலத்தீன் எழுத்துமுறையைப் படிப்பதுதான் அவர்களுக்குப் புதிது.

முதலில் ஆறு தனி உயிரொலிகளைத் தொனியோடு (குரலின் ஏற்ற இறக்கத்தோடு) சேர்த்தே பழக்க வேண்டும். சமதரையில் ஓடும் வண்டி, மேடேறும் வண்டி, பள்ளத்தில் இறங்கி ஏறும் வண்டி, சரிவில் இறங்கும் வண்டி என நான்கு தொனிகளையும் கையசைவால் காட்டுவது ஆசிரியர்களின் வழக்கம்.

அடுத்து வரும் மெய்களில்தான் சிக்கல் தொடங்குகிறது. மெய்யைத் தனியே ஒலிப்பது கடினம் என்பதால் வகுப்பில் 'போ', 'மோ', 'ஃபோ' என ஓர் உயிரைத் துணைக்குச் சேர்த்தே சொல்லித் தருகிறார்கள். அந்தத் துணை உயிர் கூட்டிப் படிக்கும்போதும் ஒட்டிக்கொண்டு, 'மா' என்பது 'மோ-ஆ' ஆகிவிடும். (ப் + ஆ = பா என்று படித்த நமக்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம்; நம் குழந்தைகளுக்கோ 'பா' ஆயத்த எழுத்தாகவே கிடைத்துவிடுகிறது.) ஆகவே முன்னொலியை மெலிதாகவும் குறுக்கியும், பின்னொலியை அழுத்தியும் சொல்லி, இரண்டையும் ஒரே மூச்சில் மோதவிடச் சொல்லுங்கள். உதடுகளை 'ம்' நிலையில் மூடிக் காத்திருந்து, 'ஆ' என்று திறக்கச் சொன்னால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

'க்-உ-ஆ' சேர்ந்து 'குவா' ஆவது போன்ற மூன்று கூறுள்ள அசைகளில் நடு உயிரைக் குழந்தைகள் விழுங்கிவிடுவார்கள். மூன்று விரல்களை ஒவ்வொன்றாக மடக்கியபடி, முதலில் மெதுவாகவும் பிறகு விரைவாகவும் சொல்ல வையுங்கள்.

'ஷி', 'யி', 'வூ' உள்ளிட்ட 16 அசைகளை மட்டும் கூட்டாமல் முழுதாகவே மனத்தில் பதிக்க வேண்டும். 'ஷி'யில் (shi) வரும் 'ஐ' (i) எழுத்து வழக்கமான 'ஈ' ஒலியைத் தருவதில்லை. கூட்டிப் பார்த்தால் தவறான ஒலியே வரும். இரட்டைப் புள்ளி இட்ட 'யூ' (ü) எழுத்து ஜே, கியூ, எக்ஸ் (j, q, x) ஆகியவற்றின் பின் புள்ளிகளை இழந்தாலும் ஒலி மாறாது. அது அவர்களைக் கண்டு தொப்பியைக் கழற்றி வணங்குகிறது என்று சொன்னால் போதும்.

தொனிக்கு மட்டும் எச்சரிக்கை தேவை. முதல் தொனியிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்து உரிய தொனியை அடையும் முறை தொடக்கத்தில் உதவினாலும், நீடித்தால் வாசிப்பை மந்தமாக்கும் என்பதே என் கருத்து. தொனிக் குறியைக் கண்டதும் கூறுகளை வாய்விட்டுப் பிரிக்காமல் அசையைத் தொனியுடன் நேரே சொல்லத் தொடங்கிய பிறகே, குழந்தையைச் சொற்களுக்கு அழைத்துச் செல்லுங்கள்.