ஒடியல் மா விற்கிற கடைக்கு ஆர் இணைப்புத் தருவினம்?

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குப் புதிதாக வந்த ஒருவர் நல்ல மிளகாய்த்தூள் எங்கே கிடைக்கும் என்று விசாரித்தால், மரக்கறி விற்கிற அம்மா கையை நீட்டிக் காட்டுகிற கடைக்குத்தான் போவார். கூகுளின் தொடக்கமும் கிட்டத்தட்ட இதுதான். லரி பேஜும் செர்கே பிரினும் ஸ்டான்ஃபோர்டில் இருந்தபோது 1998இல் எழுதிய கட்டுரையில், ஒரு பக்கத்தை வேறு எந்தெந்தப் பக்கங்கள் சுட்டுகின்றன, அதாவது அதற்கு இணைப்புத் தருகின்றன என்பதை வைத்து அதன் பெறுமதியைக் கணக்கிட்டார்கள். இன்று கூகுள் பார்க்கிற விசயங்கள் எத்தனையோ கூடிவிட்டன. ஆனாலும் கை நீட்டுகிற அந்த அம்மாவின் சொல்லுக்கு இன்னும் மதிப்பு உண்டு. உங்கள் இணையக் கடை தேடலில் மேலே ஏற, மற்றத் தளங்களிடமிருந்து அப்படியான இணைப்புகளைப் பெறுகிற வழிதான் கீழே இருக்கிறது.

முதலாம் படி: கையில் இருப்பதை எண்ணுங்கள்

தளம் வைத்திருப்பவர்களுக்குக் கூகுள் தருகிற கருவியான சேர்ச் கொன்சோலில் உங்கள் கடைத் தளத்தைப் பதிந்துகொள்ளுங்கள். காசு இல்லை. அதில் 'லிங்க்ஸ்' என்ற பகுதியைத் திறந்தால் யார் யார் உங்களைச் சுட்டுகிறார்கள், எந்தப் பக்கத்தைச் சுட்டுகிறார்கள் என்று தெரியும். அதை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். முகநூலில் போட்டவற்றை இதில் சேர்த்து எண்ண வேண்டாம். அங்கிருந்து ஆட்கள் வருவார்கள், ஓடரும் வரும். தேடலில் மேலே ஏற அது பெரிதாக உதவாது.

இரண்டாம் படி: சுட்டத்தக்க ஒரு பக்கம் எழுதுங்கள்

இதில்தான் கனபேர் மினக்கெடுவதில்லை. 'ஒடியல் மா, 500 கிராம், விலை இவ்வளவு' என்ற பக்கத்துக்கு யாரும் சும்மா இணைப்புத் தரமாட்டார்கள். ஆனால் கனடாவில், ஸ்காபரோவில் முதன்முறை கூழ் காய்ச்சுகிற ஒரு பிள்ளைக்கு என்ன தெரியாது என்று யோசித்துப் பாருங்கள். ஒடியல் மா கசக்கும். தண்ணீரில் ஊறவிட்டு, தெளிந்த நீரை வடித்த பிறகுதான் கூழில் கரைக்க வேண்டும். பனங்கிழங்கை அவித்துக் காயவைத்தது புழுக்கொடியல், அவிக்காமல் காயவைத்தது ஒடியல். இந்த வித்தியாசமே அங்கே பிறந்தவர்களுக்குப் பெரும்பாலும் தெரியாது. இதை உங்கள் முற்றத்தில் எடுத்த படங்களோடு ஒரு பக்கமாக எழுதுங்கள். கூழ்ச் செய்முறை போடுகிறவர்கள் ஒவ்வொரு முறையும் கசப்பு எடுக்கிற கதையை எழுதுவதைவிட உங்கள் பக்கத்தைக் காட்டிவிடுவது அவர்களுக்குச் சுகம்.

அந்தப் பக்கத்துக்குள் இருந்து விற்பனைப் பக்கத்துக்கு நீங்களே ஒரு இணைப்பு வைக்க மறக்காதீர்கள். 'இங்கே சொடுக்கவும்' என்று போடாமல் 'ஒடியல் மா வாங்க' என்று போடுங்கள். வெளியிலிருந்து வந்த பெறுமதி கடைப்பக்கத்துக்குப் போய்ச் சேருகிற வாய்க்கால் அதுதான்.

மூன்றாம் படி: தெரிந்தவர்களிடம் கேளுங்கள்

உங்கள் கடைப்பெயரை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள். பெயரைச் சொல்லி இணைப்புத் தராதவர்கள் அகப்படுவார்கள். அவர்களுக்கு இரண்டு வரி போதும்: 'வணக்கம். எங்கள் கடையைப் பற்றி எழுதியதற்கு மிக்க நன்றி. வாசிப்பவர்கள் எளிதில் வந்துசேர, பெயரில் ஒரு இணைப்பையும் வைத்தால் பெரிய உதவியாக இருக்கும்.' பிறகு ஊர்ச்சங்கங்கள், பழைய மாணவர் சங்கங்கள், உங்களிடம் மொத்தமாக எடுத்து விற்கிற கடைகள். நூறு பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பினால் குப்பைக்குத்தான் போகும்.

நான்காம் படி: காசுக்கு வாங்காதீர்கள்

'நூறு இணைப்பு, மலிவு விலை' என்று மின்னஞ்சல் வரும். அழித்துவிடுங்கள். 2012 ஏப்ரலில் கூகுள் 'பென்குயின்' என்ற மாற்றத்தைக் கொண்டுவந்தது இந்த மாதிரி வேலைகளைப் பிடிக்கத்தான். பொருளை இலவசமாகக் கொடுத்து, பதிலுக்கு இணைப்புக் கேட்பதும் அதே கணக்குத்தான். அப்படி அனுப்பினால், எழுதுகிறவரிடம் அந்த இணைப்பில் 'ஸ்பொன்சர்ட்' (sponsored, பதிலுக்கு ஏதோ பெற்றுத் தந்த இணைப்பு) அடையாளத்தைப் போடச் சொல்லுங்கள். 2019இல் இருந்து அதற்கென்றே ஒரு குறி இருக்கிறது.

ஐந்தாம் படி: முகவரியை மாற்றாதீர்கள்

என் சொந்தப் பிழை இது. பனாட்டு (பனம்பழக் களியைக் காயவைத்தது) விற்று முடிந்ததும் அந்தப் பக்கத்தை அழித்தேன். அடுத்த பருவத்துக்குப் புதுப் பக்கம், முகவரியில் புது வருசம். ரொறன்ரோவில் ஒரு ஊர்ச்சங்கம் ஆசையாகத் தந்திருந்த இணைப்பு மாதக்கணக்கில் 404இல், அதாவது 'பக்கம் இல்லை' என்ற செய்தியில் போய் முட்டிக்கொண்டிருந்தது. நான் கவனிக்கவே இல்லை. தேடலில் இருந்து வந்த சனம் குறைந்த பிறகுதான் கொப்பியைத் தூக்கினேன்.

பருவப் பொருளுக்கு ஒரே பக்கம், ஒரே முகவரி. அதில் வருசம் வேண்டாம். சரக்கு முடிந்தால் 'அடுத்த பனாட்டு பனம்பழம் விழுகிற காலத்துக்குப் பிறகு' என்று எழுதிவிட்டுப் பக்கத்தை அப்படியே விடுங்கள். மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால் பழைய முகவரிக்கு வருபவர்களைத் தானாகப் புதியதற்கு அனுப்பும் நிரந்தரத் திருப்பத்தை (301) போடுங்கள். கடைத் தளம் ஷொப்பிஃபையில் இருந்தால், முகவரியை மாற்றும்போதே அதற்கான பெட்டி வரும், அதில் உள்ள சரி அடையாளத்தை எடுத்துவிடாதீர்கள். வேர்ட்பிரஸில் இருந்தால் இதற்கு இலவசச் செருகிகள் உண்டு. குறைந்தது ஒரு வருசமாவது திருப்பத்தை வைத்திருக்கச் சொல்கிறது கூகுள். நான் எடுப்பதே இல்லை. திருப்பம் போட்டதும் சங்கத்துக்காரருக்கும் எழுதினேன், அவர்கள் அன்றே மாற்றித் தந்தார்கள்.

இப்போது மாதத்துக்கு ஒருமுறை கொப்பியையும் சேர்ச் கொன்சோலையும் ஒப்பிட்டு, கொப்பியில் உள்ள இணைப்புகளை ஒவ்வொன்றாகச் சொடுக்கிப் பார்க்கிறேன். அரை மணித்தியால வேலை. இடையில் பெயர் தெரியாத குப்பைத் தளங்கள் சில உங்களைச் சுட்டியிருக்கும். அவற்றை விட்டுவிடுங்கள், கூகுள் பெரும்பாலும் கணக்கில் எடுப்பதில்லை.