கந்துவட்டி: கடன் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கந்துவட்டி அநியாயம் என்பது எல்லோருக்கும் தெரியும். தான் கட்டிக்கொண்டிருப்பது கந்துவட்டிதான் என்பதைத்தான் பலர் உணர்வதில்லை. “மூன்று வட்டிதானே” என்கிறார்கள். நூறு ரூபாய்க்கு மாதம் மூன்று ரூபாய் என்றால் ஆண்டுக்கு 36 சதவீதம். பத்து வட்டி என்றால் 120. பன்னிரண்டால் பெருக்கிப் பார்க்காமல் கைநீட்டுவதில்தான் எல்லாம் தொடங்குகிறது.

தண்டலில் கணக்கு இன்னும் மறைந்திருக்கும். 10,000 ரூபாய் கடன் என்பார்கள். 1,500 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 8,500 தருவார்கள். தினமும் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். கேட்பதற்குப் பதினைந்து சதவீதம் போலத் தோன்றும். ஆனால் அசல் நாளுக்கு நாள் குறைகிறது, தவணையும் மூன்று மாதத்துக்குச் சற்று மேல்தான். சரியாகக் கணக்கிட்டால் ஆண்டு வட்டி 100 சதவீதத்தைத் தாண்டும். தள்ளுவண்டியில் காய் விற்பவரின் அன்றாட லாபத்தில் முதல் பங்கு இப்படித்தான் போகிறது.

“ஒப்புக்கொண்டு வாங்கிவிட்டோம், இனி என்ன பேசுவது” என்று அடங்கிப்போவது அடுத்த தவறு. தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டு வந்த அதீத வட்டி வசூல் தடைச் சட்டம் கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று பெயர் சொல்லியே தடுக்கிறது. அரசு நிர்ணயித்த விகிதத்துக்கு மேல் வட்டி வசூலிப்பவருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும், 30,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. கடன் வாங்கியவரின் சம்மதம் அந்த வட்டியை நியாயமாக்கிவிடாது.

எல்லாவற்றிலும் ஆபத்தானது, எழுதாத புரோநோட்டிலும் (கடனைத் திருப்பித் தருவதாக உறுதி தரும் சீட்டு) வெற்றுக் காசோலையிலும் கையெழுத்துப் போடுவது. அவசரத்தில் நிற்பவரிடம் “சும்மா ஒரு நம்பிக்கைக்கு” என்றுதான் கேட்பார்கள். 20,000 வாங்கியவரின் நோட்டில் பின்னாளில் இரண்டு லட்சம் ஏறியிருக்கும். காசோலை திரும்பினால் வழக்கு உங்கள் மேல் பாயும். கடன் அவ்வளவு இல்லை என்று நிரூபிக்க நீங்கள்தான் அலைய வேண்டும். தொகையையும் தேதியையும் எழுத்தால் நிரப்பிய பிறகே கையெழுத்திடுங்கள். கட்டும் ஒவ்வொரு தொகைக்கும் நோட்டின் பின்பக்கத்தில் வரவு வைக்கச் சொல்லி, அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். முடிந்தவரை வங்கி வழியாகவே கட்டுங்கள். கடன் தீர்ந்த அன்றே நோட்டையும் காசோலையையும் திரும்ப வாங்கிவிடுங்கள்.

வீட்டை ஈடாக வைக்கும்போது அடமானப் பத்திரத்துக்குப் பதில் வீட்டை விற்றதாகச் சொல்லும் கிரயப் பத்திரமோ, உங்கள் சார்பில் விற்க அதிகாரம் தரும் பவர் பத்திரமோ எழுதிக் கொடுக்காதீர்கள். “கடன் முடிந்ததும் திருப்பி எழுதித் தருகிறேன்” என்ற வாய்வார்த்தையை நம்பி வீட்டை இழந்தவர்கள் ஏராளம்.

ஒரு வட்டியை அடைக்க இன்னொரு வட்டிக்கு வாங்குவதும் வேண்டாம்.

மிரட்டல் வந்தால் வாய்மொழியாகச் சொல்லிவிட்டுத் திரும்பாதீர்கள். காவல் நிலையத்தில் எழுத்துமூலம் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதைக் கேட்டு வாங்குங்கள். 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலகத்தில், கந்துவட்டிக் கொடுமையால் கூலித் தொழிலாளி ஒருவர் மனைவி, இரண்டு பெண் குழந்தைகளுடன் தீக்குளித்தார், நால்வரும் இறந்தனர். பலமுறை மனு கொடுத்திருந்த குடும்பம் அது. மனுவை வாங்கிய அலுவலகங்கள் அதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

அசலும் நியாயமான வட்டியும் கட்டத் தயாராக இருந்தும் கடன் கொடுத்தவர் மேலும் கேட்டு நெருக்கினால், அந்தத் தொகையை நீதிமன்றத்தில் செலுத்தி, கடன் தீர்ந்ததாகப் பதிவு செய்யக் கோரவும் அதே சட்டம் வழி தருகிறது. பலருக்குத் தெரியாத வழி இது. உங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள இலவச சட்ட உதவி மையத்தில் இதற்கான மனு பற்றிக் கேளுங்கள்.