நம் கொழுப்புதானே என்று நினைத்தால்: மார்பகக் கொழுப்பு மாற்றில் நடக்கும் தவறுகள்

"இம்ப்ளான்ட்னா வெளிப்பொருள். இது நம்ம கொழுப்புதானே, ஒண்ணும் ஆகாது." மார்பகத்தைப் பெரிதாக்க உடம்பின் வேறு இடத்துக் கொழுப்பை எடுத்து அங்கே வைக்கும் கொழுப்பு மாற்று பற்றிப் பேச்சு வந்தாலே யாராவது இதைச் சொல்லிவிடுவார்கள். பாதி உண்மைதான். சொந்தக் கொழுப்பை உடம்பு அந்நியமாக நினைத்து எதிர்க்காது. ஆனால் வயிற்றிலோ தொடையிலோ உறிஞ்சி எடுத்த கொழுப்புக்கு ரத்த ஓட்டம் அறுந்துவிடுகிறது. மார்பில் புது ரத்தக்குழாய்கள் வந்து சேரும் வரை அது பட்டினி கிடக்கிறது. பிழைக்காமல் போகும் கொழுப்பில்தான் பெரும்பாலான தொல்லைகளும் தொடங்குகின்றன.

எடுத்த கொழுப்பைச் சிரிஞ்சில் நிமிர்த்தி வைத்தால் மூன்று அடுக்காகப் பிரியும். மேலே எண்ணெய், அடியில் ரத்தம் கலந்த நீர், நடுவில் மஞ்சள் வெண்ணெய் போன்ற கொழுப்பு. அந்த நடு அடுக்கு மட்டும்தான் உதவும். அதையும் மொத்தமாக ஓரிடத்தில் கொட்டக் கூடாது. மெல்லிய குழாய் வழியே, சேமியா இழை போல, பல இடங்களில் சிறிது சிறிதாக விட வேண்டும். இழை மெலிதாக இருந்தால் சுற்றியுள்ள சதையிலிருந்து பிராணவாயு உள்ளே எட்டும். உருண்டையாகத் திரண்டால் ஓரம் பிழைக்கும், நடு செத்துவிடும்.

ஆகவே நான் முதலில் சொல்லும் தவறு பேராசை. ஒரே தடவையில் பிரா அளவில் இரண்டு கப் கூட வேண்டும் என்று கேட்பதும், அதற்குச் சரி என்று தலையாட்டும் டாக்டரை நம்புவதும். ஒரு தடவைக்கு அரை கப்பிலிருந்து ஒரு கப் வரை கூடினால் அதுவே நல்ல பலன். வைத்ததில் ஒரு பகுதியை முதல் சில மாதங்களில் உடம்பு கரைத்துவிடும். பொதுவாக ஐம்பது முதல் எழுபது சதவீதம் தங்கும் என்பார்கள். ஆளுக்கு ஆள் மாறும். இரண்டாவது வாரம் கண்ணாடியில் தெரிவதில் வீக்கமும் சேர்ந்திருக்கிறது, அந்த போட்டோவைப் பார்த்து மயங்க வேண்டாம்.

அடுத்தது, சிகிச்சை செய்ததை மறைப்பது. இது கொஞ்சம் நீளமாகப் பேச வேண்டிய விஷயம். கொழுப்பு மாற்று செய்துகொண்ட என் தோழி ஒருத்தி 42 வயதில் முதல் மேமோகிராமுக்கு, அதாவது மார்பக எக்ஸ்ரேவுக்கு, போனாள். 'முன்பு செய்த அறுவைச் சிகிச்சை' என்ற கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டாள், பக்கத்தில் மாமியார் உட்கார்ந்திருந்தார். படத்தில் சுண்ணாம்புப் புள்ளிகள். பயாப்ஸிக்காகச் சதைத் துணுக்கு எடுத்து, முடிவு வரும் வரை பத்து நாள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. வந்தது செத்த கொழுப்பு மட்டும்தான்.

செத்த கொழுப்பு எண்ணெய்க் கட்டியாகவோ சுண்ணாம்புப் படிவாகவோ மாறலாம். முட்டை ஓடு போல வட்டமாகப் படிந்தால் அனுபவமுள்ள கதிரியக்க மருத்துவர் அடையாளம் கண்டுவிடுவார். ஆரம்பகாலப் புள்ளிகள் குழப்பும். இந்தக் குழப்பம் புற்றுநோயைக் கண்டுபிடிப்பதற்கு இடைஞ்சலாகும் என்றுதான் 1987இல் அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன்கள் சங்கம் இந்தச் சிகிச்சையே வேண்டாம் என்றது. 2009இல் அந்தத் தடையைத் தளர்த்தினார்கள். இத்தனைக்கும் யோசனை பழசு: ஜெர்மனியின் ஹைடெல்பர்க்கில் வின்சென்ஸ் செர்னி 1895இலேயே ஒரு பெண்ணின் முதுகுப் பக்கமிருந்த கொழுப்புக் கட்டியை எடுத்து மார்பில் வைத்தார்.

கொழுப்பு மாற்றால் புற்றுநோய் வருகிறது என்று இதுவரை நிரூபணமாகவில்லை. ஆனாலும் சிகிச்சைக்கு முன் ஒரு மேமோகிராமோ, இளவயதென்றால் அல்ட்ராசவுண்டோ எடுத்து வைக்காமல் மேசை ஏறக் கூடாது. பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் ஆதாரம். அம்மா, அக்கா, சித்தி யாருக்காவது மார்பகப் புற்றுநோய் வந்திருந்தால் அதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும்.

இடம் பார்க்காமல் போவது இன்னொரு தவறு. பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சி.ஹெச் அல்லது டி.என்.பி படித்தவரா, மயக்க மருத்துவர் இருப்பாரா, முறையான ஆபரேஷன் தியேட்டரா என்று கேளுங்கள். கேட்டதற்கு முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடலாம். கொழுப்பு உறிஞ்சும் முன் லிடோகைன் என்ற மரத்துப்போகும் மருந்து கலந்த நீரை நிறைய ஏற்றுவார்கள். உடல் எடைக்கு ஏற்பக் கணக்குப் பார்க்காமல் அளவு மீறினால் வலிப்பு வரலாம், இதயம்கூட நின்றுபோகலாம். 'கொழுப்பே எடுக்க வேண்டாம், ஒரு ஊசி போதும்' என்பவரிடம் கூடுதல் கவனம் தேவை. மார்பில் ஊசியாகப் போடப்பட்ட பாலிஅக்ரிலமைடு என்ற செயற்கை ஜெல்லைச் சீனா 2006இல் தடை செய்ததே அது விளைவித்த தீங்கால்தான். 'ஸ்டெம் செல் சேர்த்துத் தருகிறோம்' என்பதற்குக் கூடுதல் காசு கேட்டாலும் அப்படித்தான்: இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்) 2017 வழிகாட்டுதல்படி இம்மாதிரி ஸ்டெம் செல் பயன்பாடு அனுமதி பெற்ற ஆய்வுக்குள் மட்டுமே நடக்கலாம்.

சிகரெட் ரத்தக்குழாய்களைச் சுருக்கும். குறைந்தது நான்கு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். ஆஸ்பிரின், கருத்தடை மாத்திரை, நாட்டு மருந்து எதுவானாலும் டாக்டரிடம் சொல்லுங்கள், தானாக நிறுத்த வேண்டாம். முடிந்த பின் இறுக்கமான பிரா, குப்புறப் படுப்பது, யாரோ சொன்ன மசாஜ் மூன்றும் புதுக் கொழுப்பை நசுக்கும். எடையும் கவனம்: வயிற்றுக் கொழுப்பு மார்புக்குப் போனாலும் அதன் குணம் மாறாது, பட்டினி கிடந்து மெலிந்தால் அதுவும் வற்றும்.

காய்ச்சல், ஒரு பக்கம் மட்டும் சிவந்து சூடாவது, சீழ் என்றால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி என்றால் நேராக அவசரப் பிரிவு. அரிதாக ஊசி நுரையீரல் உறையைக் குத்தியிருக்கலாம், ரத்தக்கட்டு அடைத்திருக்கலாம். மாதங்கள் கழித்துப் புதிதாக ஒரு கட்டி தட்டுப்பட்டால் 'அது அந்தக் கொழுப்பாத்தான் இருக்கும்' என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் தேதியும், இடதுக்கு எத்தனை மில்லி, வலதுக்கு எத்தனை மில்லி என்பதும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுதித் தரச் சொல்லி, போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கேன் சென்டரில் மாமியார் காதுபட எதுவும் சொல்ல வேண்டியதில்லை, உள்ளே போனதும் அந்தப் படத்தைக் காட்டினால் போதும்.