நனவைப் படிக்க ஒரு தாளும் பேனாவும்

நனவைப் பற்றி, அதாவது பார்ப்பதும் உணர்வதும் நமக்குள் அனுபவமாவதைப் பற்றிப் படிக்க, தடித்த புத்தகத்தில் தொடங்காதீர்கள். நான் தொடங்கி, இருபதாம் பக்கத்தில் தூங்கிப்போனேன்.

கோடு போட்ட தாளில் ஒரே வரியில் பெருக்கல் குறி ஒன்று, அதற்கு வலப்பக்கம் 8 செ.மீ. தள்ளி மிளகளவு பொட்டு ஒன்று. இடக்கண்ணை மூடிக்கொண்டு, குறியையே பார்த்தபடி தாளை மெல்ல அருகே கொண்டுவாருங்கள். சுமார் 30 செ.மீ. தூரத்தில் பொட்டு மறையும். ஆனால் ஓட்டை தெரியாது. கோடு மட்டும் தொடரும்! கண்ணில் பார்வை நரம்பு கிளம்பும் இடத்தில் ஒளியுணரும் செல்களே இல்லை; அந்த இடைவெளியை மூளை நிரப்பிவிடுகிறது. என் மகள் பத்து முறை செய்துவிட்டுத்தான் தாளைத் தந்தாள்.

அப்புறம், வௌவாலாக இருப்பது எப்படி இருக்கும் என்று கேட்டு, தத்துவ அறிஞர் தாமஸ் நேகல் 1974-இல் எழுதிய கட்டுரை. மெதுவாக, இரண்டு முறை. அதன் பிறகு 'குருட்டுப்பார்வை' ஆய்வுகள்: மூளையின் பார்வைப் பகுதி சேதமான சிலர், "எதுவும் தெரியவில்லை" என்றபடியே பொருளைச் சரியாகச் சுட்டுகிறார்கள். அவர்கள் பார்க்கிறார்களா, இல்லையா? உங்கள் பதிலை எழுதி, தேதி போட்டு வையுங்கள். என்னுடையது மூன்று முறை மாறிவிட்டது.