இரைப்பை அறுவைக்குப் பிறகு முதல் வாய் எது?

எடை குறைக்க இரைப்பையைச் சுருக்கும் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், திட உணவுக்கு வந்ததும் பழக்க தோஷத்தில் ரசம் சாதத்தில்தான் கை வைப்பார்கள். அங்கேதான் சிக்கல். நாலு வாய் சோற்றிலேயே வயிறு நிரம்பிவிடும். ஓரத்தில் வைத்த முட்டை அப்படியே கிடக்கும். அதனால் முட்டை, மீன், பனீர், கெட்டிப் பருப்பு என்று புரதத்தை முதலில் முடியுங்கள். பொதுவாக நாளுக்கு 60 முதல் 80 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் கிடைப்பது சுமார் 6 கிராம்தான். போதாவிட்டால் தசை கரையும், முடியும் கொட்டும்.

சாப்பாட்டோடு தண்ணீர் வேண்டாம். அரை மணி நேரம் கழித்து, மடக்கு மடக்காகக் குடியுங்கள். சொம்பைத் தூக்கி அண்ணாந்து குடிக்கும் பழக்கத்தை மறக்க வேண்டியதுதான். காற்றும் சேர்ந்து உள்ளே போகும்.

வீடு திரும்பியதுமே பத்துப் பத்து நிமிடமாக நடக்கலாம். தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர் பக்கமெல்லாம் ஒன்றரை மாதம் போகாதீர்கள். அப்புறம் டாக்டர் சரி என்றதும் சின்ன டம்பெல்ஸ் எடுங்கள். தசையைக் காக்க நடை மட்டும் போதாது. இரும்புச்சத்து மாத்திரையையும் கால்சியத்தையும் ஒன்றாக விழுங்காமல் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.