களச் சீருடைக்குக் கஞ்சி போடாதீர்கள்

பரங்கிமலை அடிவாரத்தில் தேய்ப்புக் கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன் 22 ஆண்டுகள் ராணுவத்தில் சலவைப் பிரிவில் வேலை பார்த்தேன். என் அண்ணன் பேத்தி இப்போது பக்கத்திலேயே உள்ள அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் படிக்கிறாள். போன மாதம் விடுப்பில் வந்தவள், தன் களச் சீருடையை நீட்டி, “சின்னத் தாத்தா, மொடமொடவென்று கஞ்சி போட்டு, கத்தி மாதிரி மடிப்பு எடுத்துக் கொடுங்கள்” என்றாள். நான் மறுத்துவிட்டேன். அன்று அவளை உட்காரவைத்துச் சொன்னதைத்தான் எழுதுகிறேன். பிள்ளையைப் படைக்கு அனுப்பிய வீடுகளுக்கு இது பயன்பட வேண்டும்.

அணிவகுப்பு உடையின் வேலை கண்ணில் படுவது. அதற்குக் கஞ்சியும் மடிப்பும் அழகு. களச் சீருடையின் வேலை கண்ணில் படாமல் இருப்பது. இரண்டையும் ஒரே தொட்டியில் போட்டு, ஒரே பெட்டியால் தேய்ப்பவருக்கு இந்த வேறுபாடு தெரியவில்லை என்று பொருள்.

2022 ஜனவரி 15, ராணுவ தினத்தன்று நம் ராணுவத்தின் புதிய களச் சீருடை முதன்முதலில் வெளியே வந்தது. சிறு சிறு சதுரங்களாகச் சிதறிய பச்சையும் மண் நிறமும் கொண்ட துணி. பருத்தி 70 பங்கு, பாலியஸ்டர் 30 பங்கு. இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பருத்தி வியர்வையை வாங்கும். பாலியஸ்டர் சீக்கிரம் உலரும், ஆனால் சூடு தாங்காது.

முதலில் சலவைத்தூள். கடையில் விற்கும் தூள்களில் பெரும்பாலானவை ‘பளிச் வெண்மை’ என்று சொல்லி விற்கப்படுபவை. அழுக்கு போவதால் மட்டும் அந்த வெண்மை வருவதில்லை. கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியை வாங்கி நீல ஒளியாகத் திருப்பிவிடும் ஒரு பொருளை அதில் கலக்கிறார்கள். அது பருத்தியில் ஒட்டிக்கொள்ளும், அடுத்தடுத்த சலவையில் சேர்ந்துகொண்டே போகும். பேத்திக்கு இதைக் கண்ணால் காட்டினேன். எதிர் மளிகைக் கடையில் கள்ளநோட்டு பார்க்கும் ஊதா விளக்கு இருக்கிறது. கடையடைத்த பிறகு அதை வாங்கிவந்து, இருட்டில் என் வெள்ளைச் சட்டையை அதன்கீழ் பிடித்தேன். நீலமாக ஒளிர்ந்தது. பிறகு அவளுடைய சீருடையைப் பிடித்தேன். கழுத்துப்பட்டையும் கை ஓரமும் மங்கலாக ஒளிர்ந்தன. விடுதியில் எந்தத் தூள் கிடைத்ததோ அதில் இரண்டு முறை துவைத்திருக்கிறாள். அவள் முகம் மாறிவிட்டது. இலைதழைக்கு நடுவே கிடக்க வேண்டிய துணி இப்படி ஒளிரலாமா?

ஆகவே வெண்மையூட்டி கலக்காத, வண்ணத் துணிகளுக்கென்று விற்கும் சலவைத் திரவத்தை வாங்குங்கள். உறைமேல் எழுதியிருப்பதைப் படித்துப் பாருங்கள், ஊதா விளக்கிலும் ஒருமுறை சோதியுங்கள். சொட்டு நீலம் வேண்டாம். ப்ளீச்சிங் பவுடர் வேண்டவே வேண்டாம். துணியை மென்மையாக்கும் வாசனைத் திரவமும் கூடாது. அது துணி வியர்வையை வாங்குவதைக் குறைக்கும், மல்லிகை மணத்தோடு புதருக்குள் பதுங்கவும் முடியாது.

துவைக்கும் முன் பையெல்லாம் துழாவிப் பாருங்கள். பெயர்ப்பட்டை, பதவி அடையாளம் எல்லாவற்றையும் கழற்றி ஒரு டப்பாவில் போடுங்கள். ஜிப்பையும் வெல்க்ரோவையும் மூடிவிட்டு, துணியை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்புங்கள். திறந்து கிடக்கும் வெல்க்ரோ, துணியைப் பிறாண்டி நூல் நூலாக இழுத்துவிடும். சேற்றை ஈரத்தோடு தேய்க்காதீர்கள். காயவிட்டு, உதறி, மென்மையான தூரிகையால் தட்டினால் பாதிக்கு மேல் உதிர்ந்துவிடும். இரத்தக் கறைக்குக் குளிர்ந்த நீர் மட்டும்தான். வெந்நீர் பட்டால் கறை இழைக்குள் இறுகிக்கொள்ளும். துப்பாக்கி எண்ணெய் பட்ட இடத்தில் அரிசி மாவைத் தூவி அரை மணி நேரம் வையுங்கள். மாவு எண்ணெயை இழுத்துக்கொண்டதும் தட்டிவிட்டு, பாத்திரம் துலக்கும் திரவத்தில் ஒரு துளி விட்டு விரலால் தேய்த்தால் போதும்.

பிறகு வெறும் தண்ணீரில் ஒரு முறை அலசி வியர்வை உப்பைப் போக்குங்கள். அதன்பின் சலவைத் திரவம் கலந்த குளிர்ந்த நீரில் அரை மணி ஊறட்டும். கல்லில் அடித்துத் துவைக்காதீர்கள். தையல் விளிம்புகள் வெளுத்துவிடும், பொத்தானும் உடையும். கையால் கசக்கினால் போதும். இயந்திரம் என்றால் குளிர்ந்த நீர், மென்மையான சுழற்சி.

சென்னையில் இன்னொரு தொல்லை தண்ணீர். எங்கள் தெருவின் ஆழ்குழாய் நீர் அத்தனை கடினம். பார் சோப்பு போட்டால் நுரைக்குப் பதில் திரிதிரியாகச் சாம்பல் நிறப் பசை வரும், அது துணியில் படிந்து நிறத்தை மங்கவைக்கும். சீருடைக்கு பார் சோப்பு வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான். அலசுவது மூன்று தண்ணீர், அதில் கடைசித் தண்ணீர் மெட்ரோ குடிநீராக இருக்கட்டும். மழைக்காலத்தில் நாங்கள் மொட்டை மாடி மழைநீரைப் பிடித்து வைப்போம். அதைவிட நல்ல அலசல் நீர் இல்லை.

முறுக்கிப் பிழியாமல், உள்பக்கம் வெளியே இருக்கும்படியே நிழலில் காயப்போடுங்கள். மே மாத மாடி வெயிலில் ஒரு நாள் முழுக்கக் கிடந்தால் பச்சை பழுப்பாகிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றாடிக்குக் கீழே கொடி கட்டுங்கள். ஈரம் இருக்கும்போதே மடித்து வைத்தால் இரண்டு நாளில் பூஞ்சைப் புள்ளி வந்துவிடும்.

கஞ்சி விஷயத்தில் எனக்கே ஒரு பாடம் உண்டு. வேலையில் சேர்ந்த புதிது. ராஜஸ்தானில் கோடைப் பயிற்சிக்குக் கிளம்பிய ஒரு வீரரின் களச் சீருடைக்கு, அவர் கேட்காமலேயே, கைப்பழக்கத்தில் கஞ்சி போட்டுவிட்டேன். மூன்று நாள் கழித்துத் திரும்பியவரின் அக்குளும் தொடை இடுக்கும் தோல் உரிந்து சிவந்திருந்தன. கஞ்சி இழைகளின் இடைவெளியை அடைத்துவிடுகிறது. காற்று புகாது, வியர்வை வெளியேறாது, விறைத்த துணி உடம்பை அறுக்கும். அவர் என்னை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. அதுதான் இன்றும் நெஞ்சில் முள்ளாகக் குத்துகிறது.

கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைக் காணும் இரவுப் பார்வைக் கருவிகளையும் நினைக்க வேண்டும். பச்சை இலை அகச்சிவப்பு ஒளியை மிகுதியாகத் திருப்பி அனுப்பும். மறைப்புத் துணியும் அதற்கு ஒத்துப்போக வேண்டும் என்று சாயங்களைத் தேர்ந்தெடுப்பார்கள். கஞ்சியும் பெட்டிச் சூடும் அந்தக் குணத்தைக் கெடுக்கும். அமெரிக்க ராணுவம் தன் களச் சீருடைக்குக் கஞ்சி போடக் கூடாது என்று விதியே எழுதி வைத்திருக்கிறது.

இனி தேய்ப்பு. துணி அரை ஈரமாக இருக்கும்போது நன்றாக உதறி, கையால் நீவி, தோள் அகலமான மாட்டியில் தொங்கவிட்டால் பெரும்பாலும் பெட்டியே தேவைப்படாது. கட்டாயம் தேய்க்க வேண்டுமென்றால் மின்பெட்டியில் இரண்டு புள்ளி அளவு, ஏறத்தாழ 150 டிகிரி. பருத்திக்கு வைக்கும் மூன்று புள்ளிச் சூட்டில் பாலியஸ்டர் பளபளத்துவிடும். ஒருமுறை ஏறிய பளபளப்பு இறங்காது. கரிப்பெட்டிக்குப் புள்ளி ஏது? முதலில் பழைய ஈரத்துணியில் இழுத்துச் சூட்டைத் தணித்துக்கொள்ளுங்கள். தணலை ஊதிச் சாம்பலை வெளியேற்றிய பிறகே சீருடைப் பக்கம் கொண்டுபோக வேண்டும். ஒரு பொறி போதும், கையளவு ஓட்டை விழ. எந்தப் பெட்டியானாலும் உள்பக்கமாகவே தேயுங்கள், நடுவில் ஈரம் பிழிந்த மெல்லிய பருத்தித் துணி ஒன்றை விரியுங்கள். இழுக்க வேண்டாம், அழுத்தி எடுத்தால் போதும். கழுத்துப்பட்டை, பை மூடி, பொத்தான் ஓரம் மட்டும் சரியாக இருந்தால் ஆள் நேர்த்தியாகத் தெரிவார். வெல்க்ரோ மேல் பெட்டி பட்டால் அதன் கொக்கிகள் உருகி ஒட்டாமல் போய்விடும்.

காலிலும் கையிலும் நேர்க்கோட்டு மடிப்பு எடுக்காதீர்கள். அந்த விளிம்பில்தான் சாயம் முதலில் வெளுக்கும், இழையும் முதலில் அறுபடும். தூரத்திலிருந்து பார்த்தால் காட்டில் நேர்க்கோடு எதுவும் இல்லை, மனிதன் போட்ட கோடு மட்டும் தெரியும்.

பேத்தியின் சீருடையை வெண்மையூட்டி இல்லாத திரவத்தில் மூன்று முறை துவைத்தேன். விடுப்பு முடிந்து கிளம்பும் முதல் நாள் இரவு மறுபடியும் விளக்கை வாங்கிவந்தோம். கழுத்தோரம் இன்னும் லேசாக நீலம் இருந்தது. கையோரத்தில் இல்லை. சீருடையைச் சுருட்டிப் பெட்டியில் வைத்து, பக்கத்திலேயே ஒரு புட்டி சலவைத் திரவத்தையும் வைத்தாள்.